தளிர் தேடிய மாணாக்கர்

(பைல் நாட்டில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொல்லிமலையில் தமிழின் பெயரால் ஓர் அவை கூடுமாயின் அங்கு வல்வில் ஓரியின் பெயர் எழாமல் இராது. புறநானூற்றின் 152ஆம் பாடல் ஓரியின் வில்லாற்றலைப் பேசுவது. ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி, உடும்பு எனத் தொடர்ந்து பாய்ந்த செய்தியை உடையது. ஆதலால் மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்படுவதும் அதுவே. அதனை அடுத்து நிற்கும் 153ஆம் பாடலும் வன்பரணர் ஓரியைப் பாடியதுதான்; ஆயினும் அதனை அவ்வளவாக எவரும் தொடுவதில்லை. ஓரியிடம் சென்ற கலைஞர் சுற்றம் பொற்பூவும் அணிகலனும் யானையும் பெற்றது, பசி நீங்கியது, பசி நீங்கிய நிறைவில் ஆடவும் மாட்டாது, பாடலையும் மறந்து இருந்துவிட்டது என்பது அப்பாடலின் செய்தி. வள்ளலின் கொடைச் சிறப்பைக் கூறவந்த புகழ்மொழி அது என்பதில் ஐயமில்லை. எனினும் பாடுவோர் கூடியிருக்கும் அவையில் அதனை மற்றொரு வகையாகவும் கேட்கலாம். நிறையப் பெற்றவன் தன் பாட்டை மறந்துவிடக்கூடும்.

பொருளைப் பெறுவோர்க்கு மட்டும் உரிய இடர் அன்று இது. ஆசிரியரிடம் கல்வியைப் பெறுவோர்க்கும், மூத்த கவிஞரிடம் வழிகாட்டுதலைப் பெறுவோர்க்கும் இவ்விடர் உண்டு. பத்தாண்டுகளாக மூத்தோர் திருத்த இளையோர் எழுதிவரும் ஒரு வட்டத்தில், நல்ல மாணாக்கர் ஆதல் எங்ஙனம் என்னும் வினா எழுவது இயல்பே. விடையை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டுவதில்லை. ஓரியைப் பாடிய பாடல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த ஆண்டு 1894. அவற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரே இவ்வினாவுக்கு உரிய சான்றாகத் திகழ்கிறார்.

அவர்தம் மாணவப் பருவத்தைக் காணுமுன் நன்னூல் கூறுவதைச் சிறிது நோக்குதல் நன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் ஆசிரியரின் இயல்பைக் கூறியதோடு அமையாது, மாணாக்கரின் இயல்பையும் தனியே வகுத்துரைத்தார். அன்னம், பசு முதல் ஆடு, எருமை ஈறாக அவர் காட்டும் உவமைகள் பள்ளி நாளிலிருந்தே யாவரும் அறிந்தவை. அவற்றுள் கடைமாணாக்கர்க்குக் கூறிய பன்னாடை என்னும் உவமை கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது. இன்று வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்ட அச்சொல், மட்டையடியில் வலைபோல் அமைந்த வடிகட்டியைக் குறிப்பது. தேனை அது கீழே விட்டுவிடும். தேனடையின் சக்கையையும் இறந்த ஈயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூத்த கவிஞரின் கவிதையில் உள்ள உழைப்பை விடுத்து, அவர் மேடையில் நிற்கும் தோரணையையும் அவர்க்கு வாய்த்த பூசல்களையும் மட்டும் கைக்கொள்ளும் இளங்கவிஞர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். மேலும் விளக்க வேண்டுவதில்லை.

நன்னூல் கூறும் மற்றிரண்டு செய்திகள் இவ்வுரைக்கு இன்றியமையாதவை. ஆசிரியரிடத்து மாணாக்கன் நெருப்பின் அருகே இருப்பவனைப்போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. மார்கழிப் பனியில் அடுப்பங்கரையை நாடும் மலைவாழ் மக்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆசிரியர் கூறியதை முழுதும் கேட்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் நிரம்பும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிரம்பும் என்பது மற்றொன்று. எவ்வளவு சிறந்த ஆசிரியராயினும் அவரால் தரக்கூடியது கால் பங்கே என்று ஓர் இலக்கண ஆசிரியரே எழுதி வைத்திருப்பது வியப்புக்குரியது.

இனி மாயூரத்திற்கு வருதல் பொருந்தும். 1871ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தம் மகனை அழைத்துச் சென்றார் வேங்கடசுப்பையர். மகனுக்கு அப்பொழுது வயது பதினாறு. பிள்ளையவர்கள் உடனே மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார் என்று கூறுவதற்கில்லை. அவர் உள்ளத்தில் ஒரு வருத்தம் இருந்தது. படிக்க வருவோர் பலர். சிலகாலம் தங்கி, ஊருக்குச் சென்று திரும்புவதாகச் சொல்லிப் போவர். போனவர் திரும்பி வருவதில்லை. இவ்வருத்தத்தை அவர் வெளிப்படையாகவே கூறினார். வழிகாட்டுவோரின் பக்கத்தில் உள்ள இத்துன்பத்தை மாணாக்கர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தாம் பெறாதவற்றின் கணக்கு அவர்கள் கையில் உண்டு. சொல்லாமல் விட்டுச்சென்ற நாள்களின் கணக்கோ ஆசிரியர் நெஞ்சில் மட்டும் தங்கிவிடுகிறது.

வேங்கடராமன் என்னும் பெயரோடு வந்த மாணவரை, வேறு பெயர் உண்டா என்று வினவி, வீட்டார் அழைத்த செல்லப்பெயரைக்கொண்டு சாமிநாதன் என்று அழைக்கலானார் பிள்ளையவர்கள். உலகம் அறிந்த பெயர் ஆசிரியரால் நிலைபெற்றது. ஆனால் பாடம் உடனே ஆசிரியரிடமிருந்து கிடைக்கவில்லை. முதலில் மற்றொரு மாணாக்கரான சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்குமாறு பணிக்கப்பட்டார் சாமிநாதர். சவேரிநாதர் அன்போடுதான் கற்பித்தார். எனினும் மகாவித்துவானை நாடி வந்த இளைஞரின் ஏக்கம் தணியவில்லை.

இத்தகைய நிலையில் மாணாக்கர் செய்யக்கூடியவை பல. முணுமுணுக்கலாம், ஊருக்குத் திரும்பலாம், ஆசிரியர் பாராமுகமாக இருக்கிறார் என்று உடன் பயில்வோரிடம் குறைகூறலாம். சாமிநாதர் ஆசிரியரை உற்று நோக்கினார். பிள்ளையவர்கள் மாயூரத்தில் ஒரு வீட்டை வாங்கி, அதன் பின்புறத் தோட்டத்தில் மரஞ்செடிகளைக் கொணர்ந்து நட்டிருந்தார். அவை பிழைத்துத் தளிர்க்கின்றனவா என்று நாள்தோறும் காலையில் சென்று பார்ப்பார். ஒரு தளிரைக் கண்டால் மகிழ்ச்சியில் திளைப்பார். இதனை அறிந்த சாமிநாதர் அவருக்கு முன்னரே எழுந்து தோட்டத்திற்குச் சென்று, எங்கெங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று எனக் காட்டினார். சில நாள்களில் ஆசிரியரின் கண்ணே இம்மாணவரைத் தேடத் தொடங்கியது. அந்த அன்பு கனிந்த வேளையில், தங்களிடமே நேரே பாடம் கேட்க விரும்புகிறேன் என்னும் வேண்டுகோளை வைத்தார் சாமிநாதர். வேண்டுகோள் நிறைவேறியது.

இதனைத் தந்திரம் என்பார் உளர். ஐயரவர்களும் தம் நோக்கத்தை மறைக்கவில்லை; ஆசிரியரின் அன்பைப் பெறுதற்கு இதுவே வழி என்று கருதிச் செய்ததாகவே எழுதினார். ஆனால் முகமனுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. முகமன் கூறுவோன் ஆசிரியரைப் புகழ்வான். சாமிநாதரோ ஆசிரியர் எதனை நோக்கினாரோ அதனைத் தாமும் நோக்கினார். வைகறையில் எழுந்து கிளைதோறும் தளிர் தேடிய அக்கண்ணே பிற்காலத்தில் செல்லரித்த ஏடுகளில் எழுத்துத் தேடிய கண் என்று கூறினால் அது மிகையாகத் தோன்றலாம்; ஆனால் முற்றும் பொய்யன்று.

வேண்டிக் கேட்டார் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. ஓரியைக் கழைதின் யானையார் பாடிய 204ஆம் புறப்பாட்டு, ஈயென இரத்தலை இழிவென்றும், ஈயேன் என மறுத்தலை அதனினும் இழிவென்றும் பேசுகிறது. பொருளுக்கு இது பொருந்தும். கல்விக்கு அவ்வாறன்று. கேளாத மாணாக்கர்க்கு எது வேண்டும் என்பதை ஆசிரியர் எவ்வாறு அறிவார்? ‘என் கவிதைகளைப் பார்த்துக் கருத்துக் கூறுங்கள்’ என்று ஒரு கட்டுத் தாளை மூத்த கவிஞரிடம் கொடுத்துவிட்டுப் போவது கேட்டல் ஆகாது; சுமையைக் கைமாற்றுவதே ஆகும். இக்கவிதையின் மூன்றாம் பத்தியில் ஓசை ஏன் இடறுகிறது என்று கேட்பவரே கேட்கத் தெரிந்தவர்.

மாயூரத்து வாழ்வில் இழப்பும் இருந்தது. சாமிநாதரின் தந்தையார் இசைவல்லவர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மாயூரத்தில் அக்காலத்து நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்தார். தந்தையாரின் விருப்பப்படி பாரதியாரிடம் இசை பயிலத் தொடங்கினார் சாமிநாதர். பிள்ளையவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இசையில் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஊன்றாது என்பது அவர் கருத்து. மாணவர் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார். ஆசிரியர் சொல்லைத் தட்டாத பண்பு என்று இதனைப் பாராட்டுவதே வழக்கம். ஆனால் பிள்ளையவர்களின் கருத்து இவ்விடத்தில் சரியன்று என்று கூறுவதில் தவறில்லை. கைவிட்டதற்கு விலை உண்டு. அவ்விலையைத் தந்தவர் மாணவரே. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவர் வரலாற்றையும் அவர் தனித்தனி நூலாக எழுதினார். இளமையில் கைவிட்டதனை முதுமையில் வேறொரு வழியால் மீட்டுக்கொண்டார் போலும்.

அதன்பின் அவர் பெற்ற பயிற்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளையவர்கள் பாடல்களை வாயாற் சொல்ல, அவற்றை ஏட்டில் எழுதும் பணி அவருக்கு வாய்த்தது. ஒரு பெருங்கவிஞரின் உள்ளத்தில் செய்யுள் உருவாகும் வேகத்தைக் கையால் தொட்டறியும் பேறு அது. 1876 பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்தார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் கல்வி தொடர்ந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார், தமக்குப்பின் அவ்விடத்தில் சாமிநாதரை அமர்த்த முயன்று வெற்றி கண்டார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. உடன் பயின்றோரால் நிரம்பும் கால் பங்கு என்று நன்னூல் கூறியது பாடத்தளவில் நில்லாது வாழ்க்கைக்கும் உதவியது. கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கியதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு அக்கணக்கைக் கலைத்துவிட்டது.

கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை இம்மலை சேலம் மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது என்பதை எண்ணும்போது, இவ்வட்டாரத்தார்க்கு அவர் சற்று நெருங்கியவராகவே தோன்றுவார். தம்மைக் காணவந்த தமிழாசிரியரிடம் யாரிடம் பாடம் கேட்டீர் என்று அவர் வினவினார். மகாவித்துவானின் பெயரைக் கேட்டதும் முகம் மலரும் என்று சாமிநாதர் எதிர்பார்த்தார், மலரவில்லை. என்னென்ன நூல் கற்றீர் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நீண்ட பட்டியல் வந்தது. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்றார் முதலியார். பின்னர், சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார்.

படித்ததில்லை. தம் ஆசிரியரும் அவற்றைப் படித்ததில்லை என்பதைச் சாமிநாதர் மறைக்காமல் எழுதினார்.

ஆசிரியர் மறைந்து ஐந்தாண்டுகூட நிறையவில்லை. அன்பு ஆறாத நெஞ்சம். ஆசிரியரின் பெயருக்கு மதிப்பளிக்காத ஒருவர், ஆசிரியர் கற்பித்த நூல்களையும் போதா என்கிறார். இவ்விடத்தில் பெரும்பாலோர் சினந்திருப்பர். என் ஆசிரியர் கற்பிக்காதது கற்கத் தகாததே என்று வாதிட்டு வெளியேறியிருப்பர். ஆசிரியப் பற்று என்னும் பெயரால் அதனை உலகம் பாராட்டியும் இருக்கும். பாராட்டியிருந்தால் அது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பாக முடிந்திருக்கும். சாமிநாதர் உள்ளம் நொந்தாலும், நூல் கிடைத்தால் படிக்க இயலும் என்று விடையளித்தார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் படியைக் கொடுத்தார்.

சைவ நூல்களிலே ஊறிய அறிஞருக்குச் சைன சமயக் கருத்துகள் நிறைந்த அக்காப்பியம் எளிதில் விளங்கவில்லை. விளங்காததை விளக்கப் பெரும் புலவர் எவரும் இலர். கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்றார். ஒருநாள் அவ்வில்லம் ஒன்றில் தோரணமும் கோலமும் கண்டு விழாவோ என்று வினவ, சிந்தாமணி படித்து நிறைவெய்திய நாள் என்று விடை கிடைத்தது. கல்லூரித் தமிழாசிரியர் அறியாத நூலை ஓர் இல்லத்தார் ஓதிக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். அவர்களிடம் கேட்டுத் தெளிவதில் அவர் நாணவில்லை. ஆசிரியர் என்னும் பதவியில் அமர்ந்தபின் மாணாக்கராக இருத்தல்தான் அரிது. அதனை அவர் செய்து காட்டினார்.

சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. பிள்ளையவர்கள் தலபுராணங்கள் பாடிப் புகழ் பெற்றவர். அவர்தம் தலைமாணாக்கர் ஒரு தலபுராணப் புலவராக வளரவில்லை. ஆசிரியரின் வழியில் அவர் செல்லவில்லை என்று குறைகூற இயலுமா? ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி 1933, 1934 ஆண்டுகளில் வெளியிட்டவர் அவரே. ஏறத்தாழ அறுபதாண்டு இடைவெளியில் நன்றி சிறிதும் குறையவில்லை. பாதை வேறாகியும் பற்று மாறவில்லை.

கவிஞர் உலகிலும் இதற்குச் சான்று உண்டு. புதுவையில் பாரதியோடு பழகிய கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். பின்னர்ப் பகுத்தறிவு இயக்கத்தைச் சார்ந்து, சக்தியைப் பாடிய ஆசானுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தார். அவரிடம் ஈடுபட்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று பெயர் சூட்டிக்கொண்டு சுரதா எனச் சுருக்கிக்கொண்டார். உவமையால் தனி நடை கண்டார். மூவர் கவிதையையும் பெயர் மறைத்துப் படித்தாலும் எவர் பாடல் எது என்று தெரிந்துவிடும். பெயரை மட்டும் கடன் வாங்கி, குரலைத் தாமே ஈட்டியவர்கள் அவர்கள்.

மாயூரத்துக் கதையில் பெண்பாலார் எவரும் மாணாக்கராக இல்லை என்பதையும் இவ்வவையில் கூறாமல் விடுதல் முறையன்று. ஆசிரியர் இல்லத்தைச் சார்ந்திருந்து கற்கும் முறையில் ஒரு பெண்ணுக்கு இடமிருக்கவில்லை. இன்று எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து கீழே சென்று கல்லூரியில் பயிலும் மலைமகளுக்கு வழிகாட்டுவோர் தேவை. அவ்வழிகாட்டியர் பெரும்பாலும் ஆடவராகவே அமைகின்றனர். நெருப்பை அணுகுவதுபோல அணுகுக என்னும் நன்னூலின் சொல் அவளுக்கு மேலும் ஆழ்ந்த பொருளைத் தருகிறது. சுடும் நெருப்பிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை குளிர்காய வந்தவருக்கு உண்டு. விலகியவரை நன்றியற்றவர் என்று தூற்றும் வழக்கம் இலக்கிய உலகில் இன்னும் மறைந்தபாடில்லை. நெருப்புக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இம்மலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறுவதை யாவரும் கண்டிருப்பர். அது மரத்தைப் பற்றுவேரால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மரத்தின் சாற்றை உண்பதில்லை. உணவைத் தன் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. புல்லுருவியும் மரத்தின் மேலேதான் வாழ்கிறது. அதன் வேரோ மரத்தினுள்ளே இறங்கியிருக்கிறது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் மரத்தைச் சார்ந்த பசுமையாகவே தோன்றும். திருத்தம் பெறும் இளங்கவிஞர் இவற்றுள் எதுவாக வளர்கிறார் என்பது மூத்தோர்க்குப் பல நேரங்களில் தெரிவதில்லை. எழுதுபவர்க்குத் தெரியும். மூத்தவர் மாற்றிய சொல்லை அப்படியே ஏற்று அடுத்த கவிதையிலும் அதே இடறலோடு வருபவர் அவர் உழைப்பை உண்கிறார். ஏற்காவிடினும் ஏன் ஏற்கவில்லை என்று எண்ணிப் பார்த்து, அதனைத் திரும்பி வந்து சொல்பவர் தம் மண்ணில் வேரூன்றுகிறார். அவ்வாறு திரும்பி வந்து சொல்லுதலே, மாயூரத்தில் பிள்ளையவர்கள் வருந்திக் கூறிய குறைக்கு மாற்றாகும்.

ஐயரவர்கள் தம் எண்பத்தைந்தாம் அகவையை ஒட்டி 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரல் 28இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. எத்தனையோ பதிப்புகள், பட்டங்கள், அவைகள் கண்ட முதியவர் அதில் மாயூரத்துத் தோட்டத்திற்கு மீண்டும் சென்றார். விடியலில் ஆசிரியர் வருமுன் கிளைகளினூடே நின்று, எந்தச் செடி தளிர்த்திருக்கிறது என்று தேடிய அந்தக் காலைகளை, ஏறத்தாழ எழுபதாண்டு கழித்தும் அவர் மறந்திருக்கவில்லை.